விலகல் குறிப்பு

படிவத்தில் பெயர் எழுதக் கூடாது.
இரண்டு வருடமும் பூஜ்யம் பதினேழு என்றுதான் எழுதினேன்.
இங்கே கூப்பிட ஒரு பெயர் வேண்டியிருப்பதால்
முத்துராக்கு என்கிறேன்.
அவள் பெயர் அதுவல்ல.

சின்னப்பாலத்தில் பாசி எடுக்கிறவள்.
பாதத்தில் தகரத்தட்டு, விரல்களில் துணிச்சுற்று,
மரிக்கொழுந்துப் பாசிக்கு மூச்சடக்கிப் போகிறவள்.
கெண்டைக்காலில் செம்புள்ளி வந்தபோது
பார் கிழித்தது என்றிருந்தாள்.
மூக்கில் ரத்தம் வந்தபோது
ஆழம் என்றிருந்தாள்.
மூத்திரம் கருப்பட்டித் தண்ணியாய் நுரைத்த பிறகுதான்
ராமநாதபுரம் பஸ் ஏறினாள்.

டாக்டர் படம் வரைந்தார்.
இது சிறுநீரகம், இது மயிரிழைக் குழாய்.
காவலுக்கு நிற்கும் அணுக்களே
சொந்தக் குழாயை அந்நியமென்று சுடுகின்றன.
'எங்க வீட்டுக்காரர் போட்டையும் சுட்டாக சார்.
எந்தப் பக்கத்து ஆளுன்னு இன்னும் தெரியல.
தண்ணிக்குள்ள கோடு எங்க இருக்கு?'
டாக்டர் பேனாவை மூடிவிட்டார்.

ஒப்புதல் படிவம் பதினொரு பக்கம். நான்தான் வாசித்தேன்.
'எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம்'
அந்த வரியை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னாள்.
'குழுக்கடன் காகிதத்துல இப்படி எழுதலையே?'
என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டாள்,
எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு.

வெள்ளைக் குப்பி.
உள்ளே இருப்பது மருந்தா மாவா
அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது,
டாக்டருக்கும் தெரியாது.
அடுத்த முறை வந்தவள் காதோரம் சொன்னாள்:
'ஒண்ணக் கடிச்சுப் பாத்துட்டேன். கசந்துச்சு. மருந்துதான்.'
மாவையும் கசக்கத்தான் செய்வார்கள்.
சொல்லவில்லை.

கூடவே எல்லோருக்குமான ஸ்டீராய்டு.
ஒரு மாதத்தில் கன்னம் உப்பிக் கண் சிறுத்தது.
நிலா முகம் என்று நாங்கள் எழுதுவோம்.
'வளர்பிறையா தேய்பிறையா?' என்றாள்.
டோஸைக் குறைத்தால் தேயும் என்றேன்.
அதற்குத்தான் இந்த ஆய்வே
என்பதையும் சேர்த்திருக்கலாம்.

இருபத்தெட்டாம் நாள் வர வேண்டும்,
மூன்று நாள் முன்னே பின்னே போகலாம்.
அவள் வரவில்லை.
தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் உருக
பாம்பன் பஸ்ஸில் நான் போனேன்.
கரையில் சாக்குகள், ஒரு நாய், காயும் கஞ்சிப்பாசி.
அமாவாசை வத்தம்.
ஊர்ப் பெண்கள் மொத்தமும் தண்ணீரில்.
'மாசத்துல பன்னெண்டு நாள் தொழில்,
அதுல ஒரு நாள ஒங்க நோட்டுக்குத் தரவா?'
ஈரக் கையிலேயே ஊசி குத்தினேன்.
தேதி தாண்டியிருந்தது. கிரியாட்டினின் இரண்டு புள்ளி ஒன்று.

விலகல் குறிப்பு. காரணம்: அமாவாசை.
தலைமை அலுவலகம் கேட்டது:
காரணம் புரியவில்லை, விளக்கவும்.

அதைவிட மோசம் அந்த வெள்ளைக் கேன்.
இருபத்து நாலு மணி நேரச் சிறுநீர்,
ஒரு சொட்டும் சிந்தாமல்.
ஆறுமணி நேரம் கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கிறவளிடம்
நான் எப்படி இதைக் கொடுத்தேன்?
சிரிப்பு அடங்க அவளுக்கு நேரமானது.
'கடல்ல விட்டத எங்கிட்டுப் போயி அள்ள?'
கேனில் அறுநூற்றுப் பத்து மில்லி.
'மீதி மன்னார் வளைகுடா' என்று தட்டச்சு செய்தேன்.
அழித்தேன்.
'சேகரிப்பு முழுமையில்லை.'

முன்னூற்றுச் சொச்சம் பேர்.
சிலருக்கு டயாலிசிஸ் தொடங்கிவிட்டது.
திருப்பாலைக்குடியிலிருந்து வந்த ஒருவரின் கோடு
எட்டாம் வாரத்தோடு சரி.
பூஜ்யம் பதினேழின் கோடு
இறங்குகிறது, கொஞ்சம் ஏறுகிறது, இறங்குகிறது.
நடுவில் ஓரிடத்தில் அறுந்து
ஒரு விரற்கடை தள்ளி மறுபடி தொடங்குகிறது.
புள்ளியியல்காரர் கேட்டார்,
அந்த இடைவெளியைச் சராசரியால் நிரப்பட்டுமா?
அந்நேரம் அவள் பாருக்கடியில் இருந்தாள்.
வாயில் காற்று, கையில் பாசி.
அப்படியே விடுங்கள் என்றேன்.

உறை இன்னும் பிரிக்கவில்லை.